மைனஸ் ஐந்தை ஏன் தள்ள வேண்டும்

ஜூலை 3, புதன்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். நீ பிரதிக்‌ஷாவாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் சத்தமாக வாசிக்காதே. நீங்கள் வார்டன் பூங்கோதை மேடமாக இருந்தால், அப்பாவுக்கு போன் போடுவதற்கு முன்னால் முழுவதையும் வாசித்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

என் பெயர் சகாய டெல்சி. பன்னிரண்டாம் வகுப்பு, சி பிரிவு. நான் ஒரு புத்தகத்தைத் திருடியிருக்கிறேன்.

போன மாதம் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நூலகம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் இத்தனை புத்தகம் இருக்க வேண்டும் என்று விதியாம். அதனால் எங்கோ பழைய புத்தகக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, புத்தகங்களின் முதுகில் எண் எழுதி அடுக்கச் சொன்னார்கள். வந்த அதிகாரிகள் வாசலில் நின்றபடியே பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். அன்றைக்கே அறையைப் பூட்டிவிட்டார்கள்.

1174 என்று நான் எழுதிய புத்தகம் கருநீல அட்டை போட்டது. ஆங்கிலத்தில் 'இயற்கணித வடிவியல்' என்று இருந்தது. இயற்கணிதமும் வடிவியலும் எனக்குப் பிடித்த பாடங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருந்தால் சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். துப்பட்டாவுக்குள் வைத்து எடுத்து வந்தேன்.

முன்னுரையில் 'முதுகலை மாணவர்களுக்காக' என்று போட்டிருக்கிறது. அதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது எனக்கு. பெரிய வித்தியாசம் இல்லை.

பாடத்துக்கு வெளியே எந்தப் புத்தகமும் ஹாஸ்டலில் இருக்கக் கூடாது. போன வருஷம் ஓர் அக்கா தொடர்கதை வைத்திருந்து மாட்டிக்கொண்டார். மாலைக்குள் டி.சி.யும் பெட்டியுமாக கேட்டில் நின்றார். நான் இங்கே ஃப்ரீ சீட்டில் படிக்கிறேன். பத்தாம் வகுப்பில் மாவட்ட முதலிடம் என்பதால் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கேட்டில் தொங்கும் ஃப்ளெக்ஸில் என் முகத்தை வெட்டி ஒரு டாக்டர் கோட்டின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். 'வருங்கால மருத்துவர்'. கழுத்து மட்டும் என்னுடையது இல்லை.

எழுதுவது இரண்டாம் மாடி குளியலறை வரிசையின் கடைசி அறையில். பதினொரு மணிக்கு மேல் இங்கே மட்டும்தான் பல்பு எரியும். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். யாராவது தட்டினால் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் வீட்டுக்குப் பேசலாம். மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றபடி, ஸ்பீக்கரில்.

"டாக்டரம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"சாப்பிட்டேன்மா. முட்டை."

"முட்ட ஒரு சாப்பாடாட்டி? இங்க ஒங்கப்பா வலையில நேத்து சீலா மீனு பட்டிருக்கு. ஒன்ன நெனச்சிக்கிட்டே கொழம்பு வச்சேன்."

அப்பா போனை வாங்கினார். "யம்மா, நம்ம ஃபாதர் பிரசங்கத்துல ஒம்பேரச் சொன்னாரு கேட்டியா. இந்தக் கரையில மொத டாக்டருன்னாரு. ஒங்கம்மைக்கு அழுக."

"இன்னும் பரீட்சையே எழுதலப்பா."

"எழுதாமயா போவ?"

மேடம் கடிகாரத்தைக் காட்டினார். வைத்துவிட்டேன்.

பிறகு துணி துவைத்தேன். தொட்டியில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வெள்ளைச் சீருடை மூன்றுமே இப்போது பழுப்பு.

ஜூலை 11, வியாழன்

முதல் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் புரிந்துவிட்டன.

ஜூலை 14, ஞாயிறு

புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, 'விலங்கியல் – கூடுதல் குறிப்புகள்' என்று லேபிள் ஒட்டினேன். மாலைப் படிப்பு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் விரித்து வைத்துப் படித்தேன். மேற்பார்வை மேடம் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார். இரண்டாவது தடவை, "டெல்சியப் பாத்துக் கத்துக்கோங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பக்கத்தில் பிரதிக்‌ஷா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபிச்செட்டிபாளையம் பக்கம் அவள் ஊர். கட்டிலில் எனக்குக் கீழ்த்தட்டு அவளுடையது. எதற்கும் அவசரப்படாதவள், சோற்று மணியைத் தவிர.

"ஏம் புள்ள, உன்ற விலங்கியல்ல ஒரு விலங்கக் கூடக் காணமே" என்று குனிந்து பார்த்தாள்.

நான் முழங்கையால் பக்கத்தை மறைத்தேன்.

"செரி, செரி. நான் ஒண்ணும் பாக்கல. எனக்குக் கண்ணே தெரியாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள், மேஜையிலேயே.

ஜூலை 19, வெள்ளி

புத்தகம் தப்பு!

விளக்கமாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும். புத்தகம் என்ன சொல்கிறது என்றால், சில பல்லுறுப்புக் கோவைகளை எடுத்துக்கொள். அவை எல்லாம் ஒரே நேரத்தில் பூச்சியமாகும் புள்ளி ஒன்றுகூட இல்லை என்றால், அவற்றை வேறு கோவைகளால் பெருக்கிக் கூட்டி 1 என்ற எண்ணைச் செய்துவிடலாம். எப்போதும் செய்யலாமாம்.

நான் x² + y² + 1 என்பதை எடுத்தேன். எந்த x, y போட்டாலும் ஒன்றுக்குக் குறையாது. கிராஃப் தாளில் வரைந்தால் ஒரு புள்ளிகூட விழாது. ஆனால் அதை எதனால் பெருக்கினாலும் 1 வரவே வராது, படி ஏறிக்கொண்டேதான் போகும். ஆகவே முதுகலைப் புத்தகம் தப்பு, நான் சரி.

இன்று உப்புமாவைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

புத்தகம் சரி. நான்தான் தப்பு.

முதல் பக்கத்தின் கீழே, 'இந்த நூல் முழுவதும்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ளும் எண்களின் உலகம், எந்தச் சமன்பாட்டுக்கும் அங்கேயே விடை கிடைக்கிற உலகமாக இருக்க வேண்டும் என்று. அதை மூன்று வாரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த உலகத்தில் x² + y² + 1 என்பதற்குப் புள்ளிகள் இருக்கின்றன. எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. என் கிராஃப் தாளில்தான் அவற்றுக்கு இடமில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்கு வந்த வரைபடக் கணக்கு நினைவுக்கு வந்தது. வளைவு x அச்சைத் தொடவில்லை. 'மெய்யெண் மூலங்கள் இல்லை' என்று எழுதி எட்டு மதிப்பெண் முழுசாக வாங்கினேன். அன்றைக்கு அதை 'விடை இல்லை' என்றே எடுத்துக்கொண்டேன். மெய்யெண் என்ற சொல்லை என் கையாலேயே எழுதியும் கவனிக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனால் கெட்ட வெட்கம் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

தலையில் பேன். மொத்த அறைக்கும். பிரதிக்‌ஷா எனக்கு ஈர் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் இணைகோடுகள் சந்திக்கும் என்று சொன்னேன்.

"எங்க?"

"தூரத்துல. முடிவில்லாத தூரத்துல ஒரு புள்ளி இருக்கு. அதையும் சேத்துக்கிட்டா எந்த ரெண்டு கோடும் ஒரு இடத்துல சந்திக்கும்ட்டி. விதிவிலக்கே கிடையாது."

"அங்க போயி சந்திச்சு என்ன பண்ணுமாமா?"

"ஒண்ணும் பண்ணாது. சந்திக்கும், அவ்வளவுதான்."

"நல்ல சொகமான பொழப்பு" என்றாள். பிறகு, "தலையக் குனி" என்றாள்.

என்ன படிக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் மெத்தைக்கு அடியில் புத்தகத்தை வைக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மெத்தையில் அந்த இடம் மட்டும் புடைத்துத் தெரியும்.

ஆகஸ்ட் 24, சனி

வாராந்திரத் தேர்வு. விலங்கியலில் நேரம் போதவில்லை என்று வீட்டுக்குச் சொல்லிவிடலாம். நேரம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கில் ஒரு கேள்வி. x² + y² = 5 என்ற வட்டமும் y² = 4x என்ற பரவளையமும் வெட்டும் புள்ளிகளைக் காண்க. இரண்டு மதிப்பெண். x-க்கு 1, −5 என்று இரண்டு விடை வரும். வழக்கமாக −5-ஐத் தள்ளிவிட வேண்டும். அப்படி எழுதினால்தான் ஒரு மதிப்பெண்.

என்னால் தள்ள முடியவில்லை. இரண்டாம் படி வளைவும் இரண்டாம் படி வளைவும் நான்கு புள்ளிகளில் சந்திக்க வேண்டும் என்று போன வாரம்தான் படித்தேன். சரியாக எண்ணினால் எப்போதும் நான்கு. 1-க்கு இரண்டு புள்ளிகள் வந்தன. −5-ஐப் போட்டுப் பார்த்தேன். y-க்குக் கற்பனை எண்ணில் இரண்டு மதிப்புகள் வந்தன. சொல்லி வைத்தாற்போல மொத்தம் நான்கு.

நான்கையும் எழுதி, 'நான்கும் கணக்கில் வரும்' என்று கீழே கோடு போட்டேன்.

இப்போதுதான் பயம் வருகிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கணக்கு இளங்கோவன் சார் விடைத்தாளோடு வந்தார். என் தாள் மேலாக இருந்தது.

"எந்திரி டெல்சி. மத்தவங்கெல்லாம் சொல்லுங்க. மைனஸ் அஞ்சு வந்தா என்ன பண்ணணும்?"

"ரிஜெக்ட் பண்ணணும் சார்!" என்று நாற்பது குரல்.

"ஏன்?"

"மெய்யெண் வராது சார்!"

"கேட்டியா? நம்ம டெல்சி மட்டும் மைனஸ் அஞ்சை வீட்டுக்குள்ள கூப்பிட்டு, பாய் விரிச்சு, சோறு போட்டிருக்கு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். தாளில் சுழித்து ஒரு பெரிய பூச்சியம்.

மத்தியானம் மெஸ்ஸில் பிரதிக்‌ஷா தட்டை நகர்த்திக்கொண்டு வந்தாள். "அது பாட்டுக்குப் போவுது, போவட்டும்னு உட்ற வேண்டியதுதான புள்ள? அந்த மைனஸ் அஞ்சு உனக்கென்ன அத்த மகனா?"

"அது சரியான விடைட்டி."

"சரியான விடைக்கு மார்க்கு இல்லீன்னா அத வெச்சுட்டு என்ன பண்றது?"

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரேங்க்கிலிருந்து பதினான்குக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாலைப் படிப்பு நேரத்தில் இளங்கோவன் சார் மேற்பார்வைக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். பழுப்பு அட்டை போட்ட புத்தகம் மூடியிருந்தது, நல்லவேளை. அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"நீ எழுதுன நாலையும் சமன்பாட்டுல போட்டுப் பாத்தேன். நாலும் சரிதான்."

"சார்?"

"மார்க் கிடையாது. ஆன்சர் கீ-யில ரெண்டுதான் இருக்கு. பொதுத்தேர்வுல திருத்துறவரு கீ-யப் பாத்துத்தான் திருத்துவாரு, உன் முகத்தப் பாத்து இல்ல."

"சரி சார்."

"எங்க படிச்ச?"

"சும்மா யோசிச்சேன் சார்."

"யோசிச்சா கற்பனை எண் வரும். ஆனா 'நான்கும் கணக்கில் வரும்'னு அடிக்கோடு போட்டிருக்க. அந்தத் தைரியம் யோசிச்சு வராது. எங்கயோ அச்சுல பாத்திருக்க."

அவர் விரல் லேபிளின் மேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் குனிந்து லேபிளை வாசித்தார்.

"விலங்கியல்ல எவ்வளவு இந்த வாரம்?"

"ஐம்பத்தொண்ணு சார்."

"இவ்வளவு கூடுதல் குறிப்பு படிச்சுமா?" என்றார். கையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் திறக்கவில்லை? இரண்டு நாளைக்குப் புத்தகத்தைத் தொடப்போவதில்லை.

ஆகஸ்ட் 31, சனி

தொட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரிகள் மறுபடியும் வருகிறார்களாம். காலை இரண்டாவது பீரியடில் ஆயாம்மா வந்து, "நம்பர் எழுதுன டெல்சிய ஏ.ஓ. சார் கூப்பிடறாரு" என்றார்.

நூலக அறை வரைக்கும் நடந்தது எனக்கு நினைவில்லை. உள்ளே நிர்வாக அதிகாரி சென்னியப்பன் சார் பதிவேட்டோடு நின்றிருந்தார். இளங்கோவன் சாரும் இருந்தார், எண்ணுவதற்கு உதவியாக.

"ஒண்ணு கொறையுது. ஆயிரத்து நூத்தி எழுவத்தி நாலு" என்றார் ஏ.ஓ. சார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு புத்தகக் கட்டிலிருந்து எதையோ உருவி என் கையில் கொடுத்தார். "இதுல அந்த நம்பர எழுதிரு கண்ணு. முன்ன எழுதுன மாதிரியே இருக்கோணும்."

"சார், இது ரயில்வே டைம்டேபிள் சார். ரொம்பப் பழசு."

"புத்தகந்தான? தலைப்பா எழுதியிருக்கோம்? நம்பர் மட்டுந்தான் பதிவேட்டுல இருக்குது. எழுது."

எழுதினேன். 7 மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"யாரு எடுத்துப் படிக்கப்போறாங்க, விடுங்க சார்" என்றார் இளங்கோவன் சார், அலமாரியைப் பார்த்தபடி.

திரும்பி வரும்போது கால் தரையில் படவில்லை. யாரும் இனி அந்தப் புத்தகத்தைத் தேடப்போவதில்லை. கணக்குப்படி அது நூலகத்தில்தான் இருக்கிறது. நான் வைத்திருப்பது எந்தக் கணக்கிலும் வராத புத்தகம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அங்கிருந்து பேசினாள். கூட்டச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"கால் கொப்பளிச்சுப் போச்சு. இருக்கட்டும். ஒனக்காவத்தான நடந்தேன். மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். மெடிக்கல் சீட்டு கெடச்சா அடுத்த வருசம் ஒன்னையும் கூட்டிட்டு வாரேன்னு நேந்திருக்கேன்."

"அம்மா."

"என்னட்டி?"

"காலுக்கு எண்ணெய் போடு."

"அதச் சொல்லத்தான் கூப்ட்டியா?" என்று சிரித்தாள்.

ஐந்து நிமிஷம் முடியவில்லை, ஆனாலும் வைத்துவிட்டேன்.

மத்தியானம் பிரதிக்‌ஷாவுக்கு போன் வந்தது. அவள் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லச் சொன்னாள். எந்த ஞாயிறும் அவள் போவதில்லை. கேட்டால், "எங்கப்பன் ரேங்க் கேப்பாரு. ரேங்க்கச் சொன்னா ஸ்பீக்கர்ல இருந்து கை நீண்டு வந்துரும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

செப்டம்பர் 12, வியாழன்

தொடுகோடு வளைவை ஒரே இடத்தில் தொடும். ஆனால் அதை இரண்டு என்று எண்ண வேண்டும். ஏன் என்று இன்றைக்குப் புரிந்தது, கோட்டைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தபோது. ஒன்றாகத் தெரிந்த இடம் இரண்டாகப் பிரிந்தது. மறுபடி மெதுவாகத் திருப்பினேன், ஒன்றாகச் சேர்ந்தது. இதையே பத்துத் தடவை செய்துகொண்டிருந்தேன். மெஸ் மணி அடித்தது கேட்கவில்லை.

இந்த வருஷத்தில் இவ்வளவு அமைதியாக இருந்த நாள் வேறு இல்லை.

செப்டம்பர் 18, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அவசரப்படக் கூடாது.

காலையில் நாங்கள் வகுப்பில் இருந்தபோது ஹாஸ்டலில் திடீர் சோதனை நடந்திருக்கிறது. ஏ பிரிவில் யாரோ மொபைல் வைத்திருப்பதாகப் பேச்சு. மெத்தைகளையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிரதிக்‌ஷா மட்டும் காய்ச்சல் என்று அறையில் இருந்தாள். பக்கத்து அறையில் அதேபோலக் காய்ச்சலில் கிடந்த ஹர்ஷவர்த்தினி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மேடங்கள் மாடி ஏறும் சத்தம் கேட்டதும் பிரதிக்‌ஷா என் மெத்தைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒளித்து வைத்ததைத்தான் தேடுவார்கள், படித்துக்கொண்டிருப்பதைத் தேடமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் பிரதிக்‌ஷா படித்துக்கொண்டிருப்பதை இந்த ஹாஸ்டலில் யாரும் பார்த்ததில்லை.

"என்ன புள்ள, காச்சல்னு சொன்ன, படிக்கற?" என்று பூங்கோதை மேடம் நின்றுவிட்டார்.

"விலங்கியல் மேடம்."

"எங்க, குடு பாக்கலாம்." புரட்டியிருக்கிறார். "ஒரு படங்கூட இல்ல. இது என்ன புத்தகம்?"

"அல்ஜீப்ரா மேடம்."

"உனக்கு அல்ஜீப்ராவா? போன வாரம் கணக்குல நூத்துக்குப் பதினெட்டு."

"அதான் மேடம் படிக்கறன்."

ஹர்ஷவர்த்தினி இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் "அப்புறம்?" என்றேன்.

புத்தகத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அட்டையைப் பிரித்ததும் முதுகில் 1174. ஏ.ஓ. சார் நூலகத்தைத் திறந்து பார்த்தார். அங்கேயும் ஒரு 1174 இருக்கிறது, நான் எழுதியது. அதனால் அவர் சொல்லிவிட்டாராம், "இது நம்ம புத்தகம் இல்ல. நம்முது அலமாரியில இருக்குது. இந்தப் புள்ள வெளியில இருந்து கொண்டாந்து பொய் நம்பர் போட்டிருக்குது." இளங்கோவன் சார் இன்று விடுப்பு.

பிரதிக்‌ஷாவின் அப்பாவுக்கு போன் போய்விட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறார். டி.சி. டைப் செய்து வைத்தாகிவிட்டது.

மாலையில் நோயாளி அறை ஜன்னலில் போய் நின்றேன். அங்கேதான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

"ஏன்ட்டி இப்படிச் செஞ்ச?"

"வேற என்ன பண்றது? நீ மாட்டுனா உன்ற கத முடிஞ்சுது. நான் மாட்டுனா, போச்சாது போ, எங்கூட்ல எரும இருக்குது, மேய்க்கறன்."

"நான் போய்ச் சொல்லப்போறேன்."

"பேசாம இரு புள்ள. கேட்டுல உன்ற மூஞ்சி கோட்டுப் போட்டுட்டு நிக்குது. அத இனி யாரு கழட்டறது?"

"ஒங்கப்பா..."

"எங்கப்பாவுக்கு டி.சி.ன்னா என்னன்னு தெரியாது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "மானம்னா மட்டும் தெரியும்."

மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை போல. அப்படித்தான் அவளும் சொன்னாள்.

நான் போகத் திரும்பியபோது கூப்பிட்டாள். "புள்ள, அந்தப் பொஸ்தகத்துல ஒரு பக்கம் படிச்சுப் பாத்தன். ஒரு மண்ணும் புரியல. நீ நெசமாவே அதப் புரிஞ்சு படிக்கறியா, இல்ல சும்மா வெச்சுப் பாத்துட்டு இருக்கறியா?"

"கொஞ்சம் புரியுது."

"கொஞ்சமாச்சும் புரியுதுன்னா செரி" என்றாள்.

அதே நாள், இரவு

பத்தரை மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்றார் ஆயாம்மா. "அந்தப் புத்தகத்தப் பத்தி டெல்சி பேசணும்னு சொன்னான்னு சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் ரெண்டாம் மாடி பாத்ரூம்ல முழிச்சிருப்பேன்" என்றேன். ஆயாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயித் தூங்கு சாமி" என்றார். "இல்ல, சொல்லுங்க" என்றேன். சரி என்றார்.

இந்த நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, மடித்து வைத்திருக்கிறேன். நூலகத்திலிருந்து 1174-ஐ எடுத்தது நான். ரயில்வே அட்டவணையில் அதே எண்ணை எழுதியதும் நான், சொன்னது ஏ.ஓ. சார். பிரதிக்‌ஷாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையெழுத்து, தேதி. இரண்டு புத்தகத்திலும் இருக்கும் கையெழுத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். என்னுடையது என்று யாருக்கும் தெரியும்.

ஏ.ஓ. சார் பெயரை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் இரண்டு 1174 எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. எழுதினால் அவர்கள் என்னை விடமாட்டார்கள். நாளை எட்டு மணிக்கு ஒரு டி.சி. கட்டாயம் வேண்டும். அதில் பெயர்தான் மாறும்.

ஃப்ளெக்ஸை இறக்கிவிடுவார்கள். கோட்டு அப்படியே இருக்கும், வேறு முகத்தை ஒட்டுவார்கள். அப்பா பெட்டியை வாங்க வரும்போது என்ன சொல்வார் என்று நினைக்கப் பார்த்தேன். அவர் முகம் வருகிறது, வார்த்தை வரவில்லை. அம்மாவின் கால் கொப்பளம் ஆறியிருக்குமா?

எனக்கு இன்னொன்றும் எழுத வேண்டும். பிரதிக்‌ஷாவுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று இந்த இடம் வரை எழுதியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் முழுசாக இல்லை. ஜூலையிலிருந்து நான் ஆசைப்பட்டு விலங்கியலைத் திறந்த நாள் ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்பும் இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு டாக்டர் ஆக வேண்டாம்.

எழுதிவிட்டேன். மூன்று மாதமாக இதற்குத்தான் பயந்திருக்கிறேன், மெத்தைக்கு அடியில் இருந்ததற்கு இல்லை. எழுத்தில் பார்த்தால் அவ்வளவு பெரிதாக இல்லை. ஒரு வரிதான்.

புத்தகம் போய்விட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தேன். ஒரு வளைவு தன்னையே வெட்டிக்கொள்ளும் இடத்தில் எப்படி எண்ணுவது என்று. கேள்வி மனப்பாடமாக இருக்கிறது. இங்கே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், தாளின் பின்பக்கத்தில். வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. முதலில் மையத்தை அந்தப் புள்ளிக்கு நகர்த்த வேண்டும், பிறகு மிகச் சிறிய படியில் இருக்கும் உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைக் காரணிகளாகப் பிரித்தால்

படியில் செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

தட்டுகிறார்கள்.

"உள்ள யாரு? டெல்சியா?" பூங்கோதை மேடம்தான்.

தண்ணீரைத் திறந்துவிடவில்லை. மறுபடியும் தட்டுகிறார். எழுந்துவிட்டேன், நின்றுகொண்டே எழுதுகிறேன். மடித்த தாள் கையில் இருக்கிறது. தாழ்ப்பாளை